உஷார்! அய்யனார் கோவில் ஆற்றில் குளிக்கப் போகிறீர்களா?

கிளம்பிவிட்டீர்களா? கொஞ்சம் இருங்கள். ஒரே ஒரு கேள்வி.

மலையைப் பார்த்தீர்களா?

தலைக்கு மேலே இருக்கிற வானத்தைக் கேட்கவில்லை. மேற்கே நிற்கிற மலையைக் கேட்கிறேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வெயில் மண்டையைப் பிளக்கும். அதே நேரத்தில் மலை முகட்டில் மட்டும் கறுகறுவென்று மேகம் இறங்கிக் கிடக்கும். “அது எங்கயோ பெய்யுது, நமக்கென்ன” என்று தோன்றும். அங்கே கொட்டுகிற மழைக்குக் கீழே இறங்க ஓடையை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த ஓடையில்தான் நீங்கள் பிள்ளையை நிறுத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ராஜபாளையத்திலிருந்து மேற்கே 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். முடங்கியாறு சாலை. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அதற்கு மேலே காடு. ஆற்றைத் தாண்டினால் நீர்காத்த அய்யனார் கோவில், அதற்கும் மேலே அருவி. கார் பக்கத்திலேயே போய்விடும், நடை அதிகமில்லை, பெரிய செலவுமில்லை. பாட்டி முதல் கைக்குழந்தை வரை கூட்டிக்கொண்டு போகலாம் என்று எல்லோரும் சொல்வது அதனால்தான். நானும் மறுக்கவில்லை. நல்ல இடம்தான். குளிர்ந்த தண்ணீர், மரநிழல், பொங்கல் வைக்க இடம். வேறென்ன வேண்டும்?

ஆனால் அது பூங்கா இல்லை. காட்டாறு. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயத்துக் காடு அது. 1988-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். புலி இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குப் பயப்படுகிறவர்களைத்தான் காணோம்.

சிவகாசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம். பேரனுக்கு முடியிறக்க வந்திருந்தார்கள். இரண்டு வண்டி நிறைய ஆட்கள். காலையில் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. பாட்டியே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடந்து போயிருக்கிறார். மொட்டை போட்டாயிற்று, பொங்கல் வைத்தாயிற்று, இலை போட்டுச் சாப்பிட்டாயிற்று. மத்தியானம் பெண்களும் பிள்ளைகளும் ஆற்றில் இறங்கினார்கள். எனக்கு இதைச் சொன்ன பெண்ணும் அவர்களில் ஒருவர்.

கரையில் தேங்காய், பழம் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திடீரென்று எழுந்து கத்தியிருக்கிறார். “ஏத்தா, பிள்ளைகளத் தூக்கு! தண்ணி நிறம் மாறுது பாரு!”

ஒரு துளி மழை இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. “தண்ணி முழங்காலுக்குக்கூட இல்ல, நீங்க வேற, தாத்தா” என்று அந்தப் பெண்ணின் கொழுந்தனார் சிரித்திருக்கிறார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் இழுத்துக்கொண்டு, செருப்பைக்கூட எடுக்காமல் மேட்டில் ஏறிவிட்டார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார்கள்.

“சத்தந்தான் மொதல்ல வந்துச்சு, அக்கா. நாலஞ்சு லாரி ஒண்ணாச் சேந்து கல்லைக் கொட்டுன மாதிரி. அப்புறந்தான் தண்ணியே கண்ணுல பட்டுச்சு” என்று என்னிடம் சொன்னார். செம்மண் நிறம். மேலே நுரை, சருகு, முறிந்த கிளை. அவர்கள் எண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்த பாறை கண்ணெதிரே காணாமல் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. எல்லோரும் பத்திரமாகக் கோவில் கரையில் நிற்கிறார்கள். வண்டிகள் எதிர்க்கரையில். குழந்தையின் பால் டப்பா வண்டிக்குள். கார் சாவி கொழுந்தனார் பையில். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குறைந்த மாதிரி தெரிந்தது. “நான் மட்டும் போய் எடுத்துட்டு வந்துர்றேன்” என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இடுப்பளவு கூட இல்லை. தொடையளவுதான். நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் ஆளைக் காணோம்.

உயிர் பிழைத்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தின் வேர் பிடிபட்டது, அய்யனார் புண்ணியம். ஆனால் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இருட்டிய பிறகு தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார்கள். குழந்தை அதுவரை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. அழட்டுமே! அழுகிற குழந்தை உயிரோடு இருக்கிற குழந்தை.

ஒரு பால் டப்பாவுக்காக ஓர் உயிர் போகப் பார்த்தது.

இது அங்கே அபூர்வமாக நடப்பது இல்லை. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அந்த ஆற்றில் திடீர் வெள்ளம் வருவதும், கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வதும், தீயணைப்புத் துறை கயிற்றோடு ஓடுவதும் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதி. வெளியூரிலிருந்து வருகிற நமக்குத்தான் தெரியாது.

அக்கம்பக்கத்தைப் பாருங்கள். சதுரகிரி, அதே மலைத்தொடர்தான். 2015 மே மாதம் அமாவாசைக்கு மலையேறிய பக்தர்கள் ஓடையில் வந்த திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள். உயிர்கள் போயின. பழைய குற்றாலம், ராஜபாளையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 2024 மே 17, மத்தியானம், பள்ளி விடுமுறைக் கூட்டம். அருவியில் ஒரேயடியாக வெள்ளம் பாய்ந்து, உறவினர்களோடு குளிக்க வந்திருந்த ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். படிக்கட்டில் ஜனங்கள் விழுந்தடித்து ஓடுவார்களே, அதுதான். பார்த்தோம், ‘ஐயோ’ என்றோம், அடுத்தவருக்கு அனுப்பினோம். அடுத்த லீவுக்கு மறுபடியும் கிளம்பிவிட்டோம்.

நம் ஊர் ஆறு மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். ஸ்பெயினில் பியெஸ்காஸ் என்கிற மலையடிவார ஊரில், 1996 ஆகஸ்ட் 7 அன்று, விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த குடும்பங்களின் மேல் ஒரு சின்ன ஓடை பாய்ந்தது. 87 பேர் இறந்தார்கள்.

ஏன் இப்படி வருகிறது? மலையின் கிழக்கு முகம் செங்குத்து. பாறை மழையைக் குடிக்காது. உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டினால் அத்தனையும் பத்துப் பதினைந்து ஓடைகளில் விழுந்து, ஒரே ஆற்றில் ஒரே நேரத்தில் வந்து சேரும். சமவெளி ஆறு மாதிரி மெல்ல மெல்ல ஏறாது. நிமிடங்களில் ஏறும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ. அதன் வேகம் இரண்டு மடங்கானால், நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். ஓட்டம் வேகமாக இருந்தால் அரையடித் தண்ணீரே வளர்ந்த ஆளைக் கவிழ்த்துவிடும். ஓரடி இருந்தால் சின்ன கார் மிதந்துவிடும். “எனக்கு நீச்சல் தெரியும்” என்கிற அண்ணாச்சிகளே, கிணற்றில் கற்ற நீச்சல் இங்கே உதவாது. இதில் நீந்துவதற்குத் தண்ணீர் மட்டுமா வருகிறது? கல்லும் கட்டையும் சேர்ந்தல்லவா வருகிறது!

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு சொல்லும். நாம்தான் செல்பி எடுத்துக்கொண்டிருப்போம்.

தெளிந்த தண்ணீர் கலங்கினால், உடனே ஏறுங்கள். டீ நிறமாகக் கொஞ்சம் மாறினாலும் போதும். மேலே எங்கோ மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தால், ஏறுங்கள். முதல் வெள்ளம் கரையோரக் குப்பையைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு வரும்.

மேலேயிருந்து உறுமல் கேட்டால், திரும்பிப் பார்க்காமல் ஏறுங்கள். அருவிச் சத்தத்தில் அது சுலபமாகக் காதில் விழாது. அதனால்தான் சொல்கிறேன், தண்ணீரில் ஸ்பீக்கர் போட்டு ஆடாதீர்கள். குளிக்காத ஒருவர் மேட்டில் உட்கார்ந்து மலையையும் மேலாற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். மாமனாருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

தண்ணீர் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். ஓடிக்கொண்டிருந்த ஆறு காரணமில்லாமல் இளைத்தால், மேலே மரமோ பாறையோ அடைத்து நிற்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கால் வைத்த கல்லை வைத்தும் பார்க்கலாம். இறங்கும்போது தண்ணீருக்கு வெளியே நின்ற ஒரு கல்லை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கல் நனைய ஆரம்பித்தால் குளியல் முடிந்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் “இன்னும் அஞ்சு நிமிஷம்மா” என்று கெஞ்சும். கெஞ்சட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அறிகுறி ஒன்று உண்டு. உள்ளூர்க்காரர் கத்துவது. தேங்காய்க் கடைக்காரர், பூசாரி, வனத்துறைக் காவலர், ஆடு மேய்க்கிற அம்மா, யாராக இருந்தாலும் சரி. “வெளிய வாங்க” என்றால் காரணம் கேட்காதீர்கள். வெளியே வந்து நின்று கேளுங்கள். சோதனைச்சாவடியில் “இன்னிக்கு அனுமதி இல்லை” என்றால் வாக்குவாதம் வேண்டாம், சிபாரிசுக்குப் போன் போட வேண்டாம், தோப்பு வழியாகக் குறுக்குப் பாதையும் வேண்டவே வேண்டாம். தடை போட்ட நாளில் திருட்டுத்தனமாக உள்ளே போனவர் மாட்டிக்கொண்டால், அவர் அங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது.

அக்கரையில் மாட்டிக்கொண்டால்? அங்கேயே இருங்கள். மேடான இடமாகப் பார்த்து ஏறி உட்காருங்கள். கோவில் இருக்கிறது, கூட ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு ராத்திரி பசியோடு இருந்தால் யாரும் சாக மாட்டார்கள். கடக்கப் போகிறவர்கள் சொல்கிற காரணங்களைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். நாளைக்கு ஸ்கூல் இருக்கு. டிரைவர் வெயிட்டிங் கேட்கிறான். வீட்டில் மாடு கறக்கணும். போனில் சார்ஜ் இல்லை. ஒருமுறை குறைந்த தண்ணீர் மறுபடி ஏறாது என்று யார் சொன்னது? மேலே ஒவ்வொரு ஓடையும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும். இரண்டாவது வெள்ளம் முதல் வெள்ளத்தைவிடப் பெரிதாகவும் வரலாம்.

வெள்ளமே வராத நாளிலும் ஆபத்து உண்டு. அருவி விழுகிற இடத்திலும் ஆற்றின் திருப்பங்களிலும் கசம் இருக்கும். மேலே பார்த்தால் அமைதியாக, பச்சையாக, “வா வா” என்கிற மாதிரி இருக்கும். ஒரு காலடி முழங்கால் ஆழம், அடுத்த காலடி ஆள் ஆழம். போன வருஷம் பார்த்த ஆழம் இந்த வருஷம் இருக்காது. ஒவ்வொரு வெள்ளமும் மணலையும் கல்லையும் இடம் மாற்றிப் போடுகிறது. பாறை மேலிருந்து குதிக்கிற இளவட்டங்களே, கழுத்தெலும்பு முறிந்தால் ஆயுசு முழுக்கப் படுக்கைதான். பாசி பிடித்த வழுக்குப் பாறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உடைந்த பாட்டில் சில்லும் கிடக்கும். காட்டுக்குள் சாராயம் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தும் கொண்டுபோகிற புண்ணியவான்களின் கைங்கரியம்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். மூழ்குகிற குழந்தை கத்தாது. சினிமாவில் காட்டுகிற மாதிரி கையை ஆட்டி “அம்மா” என்று கூப்பிடாது. மூச்சு விடவே முடியாதபோது குரல் எங்கிருந்து வரும்? வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், விளையாடுகிற மாதிரியே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். பக்கத்தில் பத்துப் பேர் இருந்தும் யாருக்கும் தெரியாமல் போவது இப்படித்தான். “சித்தி பார்த்துக்குவா” என்று நீங்கள், “அவங்க அம்மா பார்த்துக்குவாங்க” என்று சித்தி. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்த ஆள் இருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல். 2021-ல் மட்டும் உலகம் முழுக்க 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஏறக்குறைய நாலில் ஒன்று ஐந்து வயதுகூட ஆகாத குழந்தை.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னும் இரண்டு பேர் போவது நம் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. படுத்துக்கொண்டு வேட்டியை வீசுங்கள், சேலையை வீசுங்கள், நீளமான கம்பை நீட்டுங்கள். காலியான ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மூடி இறுக்கிக் கயிற்றில் கட்டி எறிந்தால் அது நல்ல மிதவை. அந்தக் கேனும் கயிறும் எப்படியும் வண்டியில் இருக்கும், கையோடு கரைக்குக் கொண்டுபோங்கள்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடக்கிற கொடுமை ஒன்று உண்டு. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். செய்யாதீர்கள். வயிற்றிலிருந்து வருகிற தண்ணீர் நுரையீரலுக்குள் போகும், பொன்னான நிமிடங்களும் போகும். சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-க்கு அடிக்கட்டும். இன்னொருவர் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதட்டும், பிறகு மார்பின் நடுவில் அழுத்தட்டும். 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வேகத்தில், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும். நுரையீரலில் கோளாறு சில மணி நேரம் கழித்துக்கூட வரும்.

காட்டைப் பற்றியும் நாலு வார்த்தை. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் மலைத்தேனீ அடை தொங்கும். அதற்குக் கீழே அடுப்பு மூட்டினால் புகை பட்டு மொத்தமாக இறங்கிவிடும். கோடையில் அணைக்காத அடுப்பு காட்டையே எரிக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை அதற்குள் மறந்துவிட முடியுமா? குரங்கு கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். சாயங்காலமானால் யானை தண்ணீருக்கும் தோப்புக்கும் இறங்குகிற நேரம். அந்தப் பாதையில் அப்போது உங்களுக்கு வேலையில்லை.

அதனால் காலையிலேயே போங்கள். கோடையில் மலை மேல் மேகம் கட்டுவது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான். முதல் நாள் ராத்திரி வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள், விருதுநகர் மாவட்டத்துக்கு மட்டுமல்ல, தென்காசிக்கும் தேனிக்கும் சேர்த்து. காலையில் ராஜபாளையத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, “அண்ணாச்சி, நேத்து ராத்திரி மலையில மழையா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த செயலியும் தராத பதில் அங்கே கிடைக்கும். மலைக்குள் சிக்னலை நம்பாதீர்கள். எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் இருக்கிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தீயணைப்புக்கு 101, எதுவும் நினைவில்லாவிட்டால் 112. கார் சாவி, பால் டப்பா, பாட்டியின் மாத்திரை மூன்றையும் ஆற்றைத் தாண்டும்போது கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் மேகம் கட்டியிருந்தால் வண்டியை அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருப்புங்கள். ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சூடாகப் பால்கோவா வாங்கிக் கொடுங்கள். குளிக்கவில்லை என்று இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பார்கள். பரவாயில்லை, வைத்திருக்கட்டும்.